கெடா வானில் தமிழ் கேட்ட கதை

கெடா மாநிலத்தின் ஜெராய் மலைக்கு உயரம் 1,217 மீட்டர். வங்கக் கடலைத் தாண்டி வந்த பழைய கப்பல்காரர்களுக்குக் கரை நெருங்குகிறது என்று சொன்ன மலை அது. அதன் அடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்தவர்கள் இருப்பார்கள். 1025ஆம் ஆண்டு இராஜேந்திர சோழன் படை வந்த கடாரம் இதுதான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்பவர்களும் உண்டு. ஆனால் இதே கெடாவில், இதே மலையைப் பார்த்துக்கொண்டு பால்மரம் சீவிய நம்முடைய பாட்டன் பாட்டிக்குக் கடலுக்கு அப்பாலிருந்த சொந்த ஊரோடு பேச என்ன வழி இருந்தது என்று கேட்டால் பெருமை பேசுகிறவர்கள் சற்று யோசிப்பார்கள்.

கடிதம் இருந்தது. எழுதத் தெரிந்த கிராணியையோ பள்ளி வாத்தியாரையோ தேடிப் போய், சொல்லச் சொல்ல எழுதச் சொல்லி, தபாலில் சேர்த்தால், அது பினாங்குத் துறைமுகத்தில் கப்பல் ஏறி நாகப்பட்டினத்துக்கோ சென்னைக்கோ போகும். 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலைப் பற்றி இன்றைக்கும் பெரியவர்கள் பேசுவார்கள். கப்பல் போய், கடிதம் கிராமம் சேர்ந்து, அங்கேயும் ஒருவர் படித்துக் காட்டி, பதில் எழுதி, அது திரும்பி வருவதற்குள் மாதம் ஓடிவிடும். சாவுச் செய்தி வந்து சேரும்போது அங்கே கருமாதியே முடிந்திருக்கும்.

அப்படிப்பட்ட காலத்தில், 1934ஆம் ஆண்டு, கெடாவின் தென் எல்லைக்குப் பக்கத்திலேயே இருக்கிற பினாங்கிலிருந்து காற்றில் தமிழ் ஒலித்தது. அதை ஒலிக்கச் செய்தது அரசாங்கம் அல்ல. பெரிய வியாபார நிறுவனமும் அல்ல. பினாங்கு வானொலிச் சங்கம் என்ற பொழுதுபோக்காளர்களின் அமைப்பு. ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என நான்கு மொழிகளில், 49 மீட்டர் சிற்றலையில், 'இசட்.எச்.ஜே.' என்ற அழைப்புக் குறியோடு அவர்கள் ஒலிபரப்பினார்கள். சிங்கப்பூரில் கால்டிகாட் குன்றில் பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகம் தன் நிலையத்தைத் திறந்ததே 1937 மார்ச் 1ஆம் தேதிதான். அதாவது, அந்தப் பெரிய நிலையம் வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே சும்மா ஆசைக்கு வானொலி செய்தவர்கள் தமிழைக் காற்றில் ஏற்றிவிட்டார்கள்!

யார் இந்த ஆசைக்காரர்கள்?

ஆங்கிலத்தில் இவர்களை 'அமெச்சூர்' என்பார்கள். செல்லமாக 'ஹாம்'. சம்பளத்துக்காக அல்லாமல் விருப்பத்துக்காக வானொலிக் கருவி வைத்து, எங்கோ இருக்கும் இன்னொருவரைக் கூப்பிட்டுப் பேசுகிறவர்கள். எவ்வளவு தூரத்தில் இருப்பவரைப் பிடிக்கிறோம் என்பதுதான் இவர்களுக்குள் போட்டி. பிடித்த பிறகு பேச்சு என்னவோ சாதாரணமாகத்தான் இருக்கும். உங்கள் குரல் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது, என் பெயர் இது, என் ஊர் இது, இங்கே மழை. அதற்குச் சாட்சியாக இருவரும் ஒருவருக்கொருவர் தபாலில் ஓர் அட்டை அனுப்பிக்கொள்வார்கள். 'கியூ.எஸ்.எல். அட்டை' என்று அதற்குப் பெயர். தூர தேசத்து அட்டைகளை வீட்டுச் சுவரில் ஒட்டி வைத்து அழகு பார்ப்பார்கள். இதில் என்ன இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். இதில் ஒரு பெரிய கதையே இருக்கிறது.

1912இல் அமெரிக்க அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. கப்பல்களும் கடற்படையும் பயன்படுத்தும் நீண்ட அலைகளில் இந்தப் பொழுதுபோக்காளர்கள் குறுக்கே வரக்கூடாது. 200 மீட்டரும் அதற்குக் கீழேயும் உள்ள அலைகளில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று ஒதுக்கிவிட்டது. அந்தக் குட்டை அலைகள் தூரம் போகாது, உபயோகமற்றவை என்பது அன்றைய நிபுணர்களின் கணிப்பு. வீட்டில் பெரியவர்கள் உடைந்த பொம்மையைப் பிள்ளைகளிடம் கொடுப்பதைப் போலத்தான்.

அந்த உடைந்த பொம்மைதான் உலகத்தைச் சுற்றியது. 1923 நவம்பரில் பிரான்சு நாட்டின் லியோன் டெலோய், அமெரிக்காவின் பிரெட் ஷ்னெல்லோடு அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் பேசினார். 1924 அக்டோபர் 18ஆம் தேதி நியூசிலாந்தின் தெற்குத் தீவில், ஒதுக்குப்புறமான ஓர் ஆட்டுப் பண்ணையிலிருந்து பிராங்க் பெல் என்பவர் அனுப்பிய மோர்ஸ் தந்தியை லண்டனில் மில் ஹில் பள்ளியில் செசில் கோய்டர் என்ற 18 வயது மாணவர் பிடித்துப் பதிலும் சொன்னார். பூமி உருண்டையில் அதைவிடத் தூரம் போக ஏறக்குறைய இடமே இல்லை. பண்ணையிலிருந்தவருக்கும் பள்ளிக்கூடத்துப் பையனுக்கும் அது கைவந்தபோது பெரிய அரசாங்கங்கள் வாய் பிளந்து நின்றன.

காரணம் வானத்தில் இருந்தது. தரையிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர் உயரத்தில், சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற காற்றுப் படலம் ஒன்று இருக்கிறது. சிற்றலை அதில் பட்டுக் கீழே வளைந்து வேறோர் ஊரில் இறங்கும். ஒரே தாவலில் 3,000 கிலோமீட்டர்கூடப் போகும். வேடிக்கை என்னவென்றால், சுங்கைப் பட்டாணியிலிருந்து அப்படி ஒருவர் பேசினால் சென்னையில் கேட்கும். பக்கத்தில் இருக்கிற ஈப்போவில் கேட்காது. அலை ஈப்போவின் தலைக்கு மேலே தாண்டிப் போய்விடும். சுங்கைப் பட்டாணிக்கும் சென்னைக்கும் நேர்க்கோட்டில் 2,300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ரஜூலா நாள்கணக்கில் கடந்த அந்தத் தூரத்தை அலை கடக்க ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது.

கடலுக்கு அந்தப் பக்கமும் கதை இப்படியேதான் தொடங்கியது. 1924 மே 16ஆம் தேதி சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முயற்சியில் சென்னை மாகாண வானொலிச் சங்கம் பிறந்தது. அதே ஆண்டு ஜூலை 31ஆம் தேதி ஒலிபரப்புத் தொடங்கிவிட்டது. பணமில்லாமல் 1927இல் சங்கம் படுத்துவிட்டதும், கருவிகளைச் சென்னை மாநகராட்சி எடுத்துக்கொண்டு 1930 ஏப்ரல் முதல் நடத்தியது. அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்தது 1938 ஜூன் 16ஆம் தேதிதான். கொழும்பில் 1923இல் தந்தி அலுவலகப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர், பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிக் கருவியைக் கொண்டு இசை ஒலிபரப்பிப் பார்த்தார். மலாயாவில் 1921இல் ஜொகூர் அரசாங்கத்து மின்சாரப் பரிசோதகர் பர்ச் என்பவர் முதல் வானொலிக் கருவியைக் கொண்டு வந்து ஜொகூர் வானொலிச் சங்கத்தை அமைத்தார். எங்கே பார்த்தாலும் ஆசைக்காரன் முன்னால் போயிருக்கிறான், அரசாங்கம் பின்னால் வந்திருக்கிறது.

பங்களாவின் வாய், லயத்தின் காது

வானொலிக்காரர்களின் வரைபடத்தில் அன்றைய மலாயா மூன்று துண்டு. நீரிணைக் குடியேற்றங்களான சிங்கப்பூர், பினாங்கு, மலாக்காவுக்கு 'வி.எஸ்.1'. சிலாங்கூர், பேராக் முதலிய கூட்டரசு மலாய் மாநிலங்களுக்கு 'வி.எஸ்.2'. கூட்டரசில் சேராத கெடா போன்ற மாநிலங்களுக்கு 'வி.எஸ்.3'. கெடாவிலிருந்து யாராவது உரிமத்தோடு காற்றில் பேசினால் அந்த எழுத்துகளைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். உலகத்தின் அந்தக் கோடியில் தலைக்கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு 'வி.எஸ்.3' என்பது அபூர்வச் சரக்கு.

ஆனால் ஒலிபரப்பும் கருவி வைத்துக்கொள்ள உரிமம் வேண்டும். கருவிக்குப் பணம் வேண்டும். மின்சாரம் வேண்டும், ஆங்கிலம் வேண்டும், மோர்ஸ் தட்டத் தெரிய வேண்டும். தோட்டத்தில் இந்த ஐந்தும் சேர்ந்திருந்த ஒரே இடம் துரையின் பங்களா. மேட்டில் பங்களா, பள்ளத்தில் லயம். விடிவதற்கு முன்பே பெரட்டுக்கு நின்று, விளக்கோடு மரத்தடிக்குப் போகிறவருக்கு 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தின்போதுகூட நாள் கூலி ஐம்பது காசைச் சுற்றித்தான். இதில் வானொலிப் பெட்டி வாங்குவதாவது! கேட்கும் பெட்டிக்குக்கூட உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருந்த காலம் அது.

ஆகவே, 1934இல் பினாங்கிலிருந்து வந்த தமிழ், பீடோங்கிலும் குரூணிலும் கூலிமிலும் லூனாஸிலும் லயங்களின் கூரைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. கீழே இருந்தவர்களில் பெரும்பாலோர் அதைக் கேட்கவில்லை. வசதி படைத்த பட்டணத்துக் கடைகளிலும் வீடுகளிலும்தான் பெட்டி இருந்தது. இந்தக் கதையில் மனத்தை உறுத்துவதே இதுதான். யாருக்கு ஊரிலிருந்து ஒரு குரல் மிகவும் தேவையோ அவருடைய தலைக்கு மேலேயே அந்தக் குரல் தாண்டிப் போனது. சுங்கைப் பட்டாணிக்காரர் பேச்சு ஈப்போவைத் தாண்டுவதைப் போல.

பினாங்குச் சங்கத்தாரைக் குறை சொல்லிப் பயனில்லை. சந்தாப் பணத்தில் நடந்த சங்கம் நான்கு மொழியில் தமிழையும் ஒன்றாக வைத்ததே பெரிய காரியம். ஒரு மொழி போதும் என்று அவர்கள் நினைத்திருந்தால் கேட்பதற்கு யார் இருந்தார்கள்? ஆனாலும், வானொலி நம்மவர்களிடம் வந்தபோது காதுக்கு மட்டும்தான் வந்தது, வாய்க்கு வரவில்லை. பேசுகிறவர் ஒருவர், கேட்கிறவர் ஆயிரம் பேர். அமெச்சூர் வானொலியின் அழகே கேட்டவர் திரும்பிப் பேசலாம் என்பதுதான். அந்தப் பாதி நமக்கு வந்து சேரவில்லை.

கொடி இறங்கிய நாள்

1939இல் போர் மூண்டதும் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் அமெச்சூர் உரிமங்கள் முடக்கப்பட்டன. எதிரிக்குத் தகவல் போய்விடக்கூடாதே என்ற பயம். 1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியப் படை கிளந்தானில் கரையிறங்கியது. அதே நாள் சுங்கைப் பட்டாணி விமானத் தளத்தில் குண்டு விழுந்தது. அடுத்த சில நாள்களில் கெடாவின் ஜித்ரா போர்முனை சரிந்தது. பினாங்கு நகரத்தின் மேல் குண்டு மழை பொழிந்து தெருவெல்லாம் பிணம். டிசம்பர் 16ஆம் தேதி இரவோடு இரவாக ஐரோப்பியர்கள் மட்டும் கப்பலேறிப் போய்விட்டார்கள். கூடவே வாழ்ந்த தமிழர், சீனர், மலாய்க்காரர் யாருக்கும் சொல்லவில்லை.

அப்போது பொறுப்பை ஏற்றவர் ஒரு தமிழர். 'ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியராக இருந்த மாணிக்கசோதி சரவணமுத்து, இலங்கைத் தமிழர். எல்லா இனத்தவரையும் சேர்த்து ஒரு சேவைக் குழு அமைத்தார். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியைக் கீழே இறக்கினார். பினாங்கு வானொலி நிலையத்தின் வழியாக, இங்கே படை இல்லை, இது பாதுகாப்பற்ற நகரம் என்று ஜப்பானியருக்குச் செய்தி போனது. குண்டு வீச்சை நிறுத்த வேறு வழியில்லை. ஏழு ஆண்டுகளுக்கு முன் பாட்டும் பேச்சும் போட ஆசைப்பட்டுச் சிலர் பினாங்கில் தொடங்கி வைத்த காரியம், ஒரு நகரத்து மக்களின் உயிரைக் கேட்டு மன்றாடும் இடத்துக்கு வந்து நின்றது.

டிசம்பர் 19ஆம் தேதி ஜப்பானியர் பினாங்குக்குள் வந்தார்கள். பிரிட்டிஷார் போகிற அவசரத்தில் வானொலி நிலையத்தை உடைக்காமல் விட்டுப் போயிருந்தார்கள். வந்தவர்கள் அதே நிலையத்திலிருந்து சிங்கப்பூரைக் கூப்பிட்டு, எங்கள் குண்டு வீச்சு எப்படி இருக்கிறது என்று கேலி செய்தார்கள். கருவிக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது. யார் கையில் இருக்கிறதோ அவருக்கு அது பேசும்.

அதன்பின் மூன்றரை ஆண்டுகள் கேட்பதே குற்றம். வெளிநாட்டுச் சிற்றலை கேட்டதாகத் தெரிந்தால் கெம்பேத்தாய் போலீசின் சித்திரவதை. கெடாவுக்குத் தெற்கே, பேராக்கில் பாப்பான் என்ற சிற்றூரில் சிபில் கதிகாசும், தமிழரான அவர் கணவர் டாக்டர் ஏ.சி. கதிகாசுவும் ஒரு வானொலிப் பெட்டியை ஒளித்து வைத்து லண்டன் செய்தி கேட்டு அக்கம்பக்கத்தில் சொல்லிவந்தார்கள். அந்தப் பெட்டிக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஜோசபின்'. ஜோசபின் என்ன சொன்னாள் என்று கேட்டால் வெளியாருக்கு யாரோ ஒரு பெண்ணைப் பற்றிய பேச்சு! போராளிகளுக்கு மருத்துவம் பார்த்ததற்கும், வானொலி வைத்திருந்ததற்கும் சிபில் பட்ட அடியை எழுதிக் காட்ட முடியாது. போருக்குப் பின் ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. 1948இல், அந்த அடிகளின் விளைவாகவே, இறந்துபோனார்.

கெடா 1943 அக்டோபரில் சயாமின் கையில் ஒப்படைக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில்தான் தோட்டத்துத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சயாம் - பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். போனவரிடமிருந்து கடிதம் இல்லை, தந்தி இல்லை, பிணமும் இல்லை. இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமலே பொட்டு வைத்துக்கொண்டு காத்திருந்த பெண்கள் எத்தனையோ பேர். அதே சமயத்தில் சிங்கப்பூரிலிருந்து நேதாஜி சுபாஷ் சந்திர போசின் குரல் வானொலியில் முழங்கியது; தோட்டங்களிலிருந்து இளைஞர்களும் பெண்களும் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். ஒரு குரல் ஆயிரம் பேரை எழுப்பியது. காணாமல்போன ஒருவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத்தான் எந்த அலைவரிசையும் இல்லை.

பேட்டரி பெட்டிக் காலம்

போர் முடிந்து 1946 ஏப்ரல் முதல் தேதி அரசாங்க ஒலிபரப்புத் துறை பிறந்தது. மலாயா வானொலியில் தமிழுக்கு இடம் உறுதியானது. 1948இல் அவசரகாலம் வந்ததும் அரசாங்கத்துக்குத் திடீரென்று தோட்டத்துக் காதுகள் மேல் அக்கறை வந்தது. கம்யூனிஸ்டுகளின் பேச்சு அங்கே எடுபட்டுவிடக்கூடாது அல்லவா! தோட்டங்களுக்கும் கம்போங்குகளுக்கும் புதுக் கிராமங்களுக்கும் பொதுவில் வைத்துக் கேட்கும் பெட்டிகள் வந்தன. காரணம் எதுவாகவும் இருக்கட்டும், லயத்துக்காரர் நிம்மதியாக உட்கார்ந்து தமிழ் வானொலி கேட்டது அப்போதுதான். பிறகு டிரான்சிஸ்டர் வந்து வீட்டுக்கு வீடு பாட்டு கேட்டது எல்லாருக்கும் தெரிந்த கதை.

பேசும் பக்கமும் மெல்ல நகர்ந்தது. 1952இல் மலாயா அமெச்சூர் வானொலி ஒலிபரப்பாளர் சங்கம் உருவானது. 'மார்ட்ஸ்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். சுதந்திரத்துக்குப் பின் தீபகற்பத்துக்கு '9எம்2' என்ற அழைப்புக் குறி வந்தது. சாபாவுக்கு 9எம்6, சரவாக்குக்கு 9எம்8. வி.எஸ்.3 என்ற எழுத்துகள் பழைய அட்டைகளில் மட்டும் மிஞ்சின. 1960களில் தென்கிழக்கு ஆசிய ஹாம் நண்பர்கள் 'சீநெட்' என்ற அன்றாடச் சந்திப்பைத் தொடங்கினார்கள். 14.320 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், உலக நேரம் நண்பகல் பன்னிரண்டுக்கு, அதாவது இன்றைய மலேசிய நேரத்தில் இரவு எட்டுக்குக் கூடுவார்கள். காற்றிலேயே சந்தித்தவர்கள் நேரில் சந்திக்க முதல் மாநாடு போட்டது 1971இல், அதே பினாங்கில்.

அண்டை நாடான தாய்லாந்தின் மன்னர் பூமிபோல் 'எச்.எஸ்.1ஏ' என்ற குறியோடும், இந்தியாவின் ராஜீவ் காந்தி 'வி.யு.2ஆர்.ஜி.' என்ற குறியோடும் உரிமம் வைத்திருந்தார்கள். மன்னரும் பிரதமரும் வைத்துக்கொண்ட பொழுதுபோக்கு என்றதும் இது நமக்கெல்லாம் எட்டாதது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அது சரியல்ல என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. அந்தச் சாட்சி கெடாவின் கடற்கரையையும் தொட்டுப் போகிறது.

நான்கு மணி நேரம்

2004 டிசம்பர் தொடக்கத்தில் இந்திய ஹாம் குழு ஒன்று அந்தமானின் போர்ட் பிளேரில் போய் இறங்கியது. தலைமை தாங்கியவர் பாரதி பிரசாத், குறி 'வி.யு.4ஆர்.பி.ஐ.'. அந்தமானிலிருந்து காற்றில் பேச நீண்ட காலமாக யாருக்கும் அனுமதி கிடைக்காததால், உலகம் முழுக்க ஹாம்கள் அந்த ஒரு தொடர்புக்காகக் காத்துக்கிடந்தார்கள். குழுவினர் இரவு பகலாக ஆயிரக்கணக்கானோரோடு பேசினார்கள். டிசம்பர் 26ஆம் தேதி காலை, பாரதி காற்றில் இருக்கும்போதே பூமி குலுங்கியது. கருவியை அப்படியே விட்டு வெளியே ஓடியவர், அடுத்த சில மணி நேரத்தில் ஏரியலைச் சரிசெய்து மீண்டும் பேசத் தொடங்கினார். தொலைபேசி செத்துக் கிடந்த தீவுகளிலிருந்து, யார் உயிரோடு இருக்கிறார்கள், யாருக்கு என்ன வேண்டும் என்ற தகவல்கள் நாள்கணக்கில் அந்தக் கருவியின் வழியாகத்தான் இந்தியக் கரைக்குப் போயின. தூர தேசத்து அட்டை சேர்க்கப் போனவர்கள் தாய்மார்களுக்குப் பிள்ளைகளின் செய்தி சொல்பவர்களானார்கள்.

நிலநடுக்கம் நடந்தபோது மலேசிய நேரம் காலை 8.58. அலை கெடாவின் கோத்தா கோலா மூடாவைத் தாக்கியது பகல் ஒரு மணி வாக்கில். இடையில் நான்கு மணி நேரம். இந்துமாக்கடலுக்கென்று எச்சரிக்கை முறை எதுவும் அன்றைக்கு இல்லை. மீனவர்கள் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பினாங்குக் கடற்கரைகளில் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குளியலில் இருந்தன. மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள். உடைந்த மீன்பிடிப் படகுகளையே நினைவுச் சின்னமாகக் கோத்தா கோலா மூடாவில் வைத்திருக்கிறார்கள். ஒரு ஹாம் இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று சொல்வது நேர்மையாகாது. போர்ட் பிளேரில் இருந்தவர்களுக்கே கடல் என்ன செய்யப்போகிறது என்று முதலில் தெரியாது. ஆனால் கடலலை நான்கு மணி நேரம் எடுத்துக்கொண்ட இடத்துக்குக் கதிரலைக்குக் கண் இமைக்கும் நேரம்கூட வேண்டாம் என்பது உண்மை. அதற்கு இரண்டு முனையிலும் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இன்றைக்கு அந்த முனையில் உட்காரத் துரை பங்களா தேவையில்லை. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் தேர்வு எழுதித் தேற வேண்டும். சிற்றலையில் பேச மோர்ஸ் கட்டாயம் என்ற பழைய உலக விதியை 2003இல் ஜெனீவா மாநாடு எடுத்துவிட்டது. கைப்பேசியில் வாட்ஸ்ஆப் இருக்கும்போது இது எதற்கு என்ற கேள்வியும் வரும். கோபுரமும் மின்சாரமும் இருக்கும்வரை கைப்பேசி ராஜா. போர்ட் பிளேரில் அன்று இரண்டும் இல்லை. பாரதியிடம் இருந்தவை கருவியும் மின்கலமும் ஏரியலும்தான்.

20 மீட்டர் அலைக்கு இரண்டு தென்னை மரங்களுக்கு நடுவே பத்து மீட்டர் கம்பி கட்டினால் போதும். 100 வாட் சக்தி, பழைய குண்டு பல்பு ஒன்று எரியும் மின்சாரம். அரசியலும் வியாபாரமும் பேசக்கூடாது. தமிழில் பேச எந்தத் தடையும் இல்லை. பீடோங்கில் இரவு எட்டு மணி ஆகும்போது நாகப்பட்டினத்தில் மாலை ஐந்தரை. அங்கே வெயில் இன்னும் சாய்ந்து முடிந்திருக்காது. மேற்குப் பக்கம் வானம் நன்றாகத் திறந்திருக்கும் நேரம் அது.